ஒரு சாக்கும் ஒரு மடக்குக் கத்தியும்

துருப்பிடித்த இரும்பைத் தேய்த்த விரலை மூக்கருகே கொண்டுபோனால் ஒரு வாசனை வரும். மழை நாளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் அது தெரியும். அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து அவளுடைய பட்டன் டப்பாவைத் திறந்தபோது அந்த வாசனைதான் முதலில் வந்தது. ஊக்குகள், கொக்கிகள், நூல்கண்டுகள், ஜோடி தொலைந்த பட்டன்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிய ஒரு மடக்குக் கத்தி. பித்தளைப் பூண் போட்ட கொம்புப் பிடி, பாதிக்கு மேல் திறக்க மறுக்கும் அலகு, நுனி உடைந்த முனை. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"தாத்தாவோடதாம்மா?" என்று கேட்டாள் என் மகள் மது.

"ம்" என்றேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவள், பெங்களூர் ஓரத்து இந்த ஹெப்பகோடி ஃப்ளாட்டில் யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியமில்லாதவள், பெற்ற பெண்ணிடம் கண்ணைக்கூட சிமிட்டாமல் பொய் சொன்னேன். அவளோ அன்று சாயங்காலமே செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, துருவை எடுக்க வினிகர், தேய்க்க உப்புத்தாள், கீலுக்கு எண்ணெய் என்று பட்டியல் போட்டுவிட்டாள். தாத்தாவின் கத்தியைப் புதுசுபோல ஆக்கி ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாகத் திட்டம்.

அது அவளுடைய தாத்தாவின் கத்தி அல்ல. அது நான் திருடியது.

மல்லேஸ்வரத்தில் நாங்கள் அப்போது குடியிருந்த மாதிரி இடத்துக்கு ‘வட்டாரம்’ என்று பெயர். ஒற்றை வாசல், உள்ளே நீள நடை, இருபுறமும் ஏழெட்டுச் சின்ன வீடுகள், நடுவில் எல்லோருக்குமாக ஒரு குழாய், குழாயை ஒட்டிக் கொய்யா மரம். முன்வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார், கன்னடக்காரர். பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்ல மாட்டோம், ‘ஓனர்’தான். வெற்றிலை போட்ட வாயோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கத்தியால் கொய்யாப்பழத்தைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார். எங்கள் பென்சில்களை அவர் சீவிக் கொடுத்தால் முனை ஊசி மாதிரி நிற்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்ல முடிந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருந்தது. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது, நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதில் செல்வி அக்காவும் அவளுடைய புருஷனும் தவழ்கிற குழந்தையும் இருந்தார்கள். அவர் சுண்ணாம்பு அடிக்கிற வேலைக்குப் போவார். போளூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. செல்வி அக்கா வட்டாரத்தைப் பெருக்கி, ஓனர் வீட்டு டிரம்மில் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதற்குப் பதிலாக அந்த அறைக்கு வாடகை கிடையாது.

அவளுக்குக் கன்னடம் வராது. நாங்களோ மூன்று தலைமுறையாகப் பெங்களூர். வீட்டுக்குள் தமிழ், குழாயடியில் கன்னடம், கறிக்கடையில் உருது என்று எங்கள் நாக்கு எந்தப் பக்கமும் திரும்பும். அதனால் ஓனர் ஏதாவது சொன்னால் அவள் என்னைத்தான் தேடுவாள். "பாப்பா, ஓனரு என்னா சொல்றாரு?" என்பாள். பத்து வயதில் ஒரு பெரிய மனுஷி என்னிடம் அர்த்தம் கேட்டு நிற்பது எனக்கு ஏகப்பட்ட பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் படம் வரையும் போட்டி வைத்த நாளன்று காலை, ஓனர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஜன்னல் திட்டில் இருந்த கத்தியை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். பென்சில் சீவிவிட்டுச் சாயங்காலம் அதே இடத்தில் வைத்துவிடுவதாக எண்ணம். வகுப்பில் கலர் டப்பா மூடி இறுகிக்கொண்டது. கத்தி முனையைக் கொடுத்து நெம்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடைந்த கத்தியை எப்படித் திருப்பி வைப்பது? வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்ட வெங்கடாசலபதி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, லீவு. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா ரேஷன் கடையில் கியூவில் நின்றிருந்தாள். நான் கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். ஓனர் வெளியே வந்தார், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த செல்வி அக்காவைப் பார்த்து, "நன் சாக்கு தகொண்ட்யா?" என்று கேட்டார். என் கத்தியை எடுத்தாயா என்று அர்த்தம். கன்னடத்தில் சாக்கு என்றால் கத்தி. வெற்றிலைச் சாறு நிறைந்த வாயிலிருந்து அது எப்படி விழுந்ததோ, செல்வி அக்காவுக்கு விழுந்தது நம்முடைய சாக்கு, அரிசி மூட்டை கட்டுகிற கோணிச் சாக்கு. அப்படி ஒன்றை அவள் எடுத்துத்தான் இருந்தாள். கொய்யா மரத்தடியில் கிடந்த பழையது. அதை விரித்து அதன்மேல் குழந்தையைப் படுக்கவைத்திருந்ததை முந்தின நாள் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

அவள் பயந்துபோய்க் குடத்தை இறக்கி வைத்தாள். "ஆமாங்க, நான்தாங்க எடுத்தேன். தரை ஜில்லுனு கீது, கொழந்தைக்கு ஒத்துக்கல, அதான். மடிச்சு வெச்சிருக்கேன், இதோ எடுத்தாந்து குடுத்துர்றேன்."

ஓனர் என் பக்கம் திரும்பினார். "ஏனந்தாளே, மகு?" என்ன சொல்கிறாள், குழந்தை?

எனக்குப் புரியவில்லை, சின்னப் பெண்தானே என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் புரிந்தது. அவர் எந்தச் சாக்கைக் கேட்கிறார், அவள் எந்தச் சாக்கைச் சொல்கிறாள் என்பது அந்த வட்டாரத்திலேயே அந்த நிமிஷம் எனக்கு மட்டும்தான் தெரியும். ‘கோணி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தமிழிலும் கோணி, கன்னடத்திலும் கோணி. ஆனால் அதைச் சொன்னால், அடுத்து கத்தி எங்கே என்று தேடுவார்கள். நான் கன்னடத்தில் சொன்னேன்: ஆமாம், தானே எடுத்ததாகச் சொல்கிறாள், மடித்து வைத்திருக்கிறாளாம். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஜில்லென்ற தரையையும் குழந்தையையும் மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் ஓடிப்போய் நாலாக மடித்த சாக்கைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். கத்தி அதற்குள் இருக்கிறது என்று நினைத்து ஓனர் அதைப் பிரித்து உதறினார். தூசி பறந்தது. மறுபடி உதறினார். பிறகு அவர் முகம் மாறியதை நான் இன்றும் மறக்கவில்லை. இவள் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு, வெறும் கோணியைக் கொடுத்துத் தன்னைக் கேலி செய்கிறாள் என்றே அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் கத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். "பாப்பா, நான் என்னா சொன்னேன்னு நீ அவருக்குச் சொல்லும்மா" என்றாள்.

நான் கொய்யா மரத்துப் பட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பாத்திர மூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, இடுப்பில் குழந்தை. வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் கன்னத்தைத் தொட்டாள். என்மேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "ஒரு சாக்குக்கா பாப்பா இவ்ளோ பேச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்தது. பெங்களூரில் ஒரு பழைய சாக்குக்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவார்கள் என்று தெரிந்துகொண்டு போனாள்.

சில நாள் கழித்துச் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டேன், கத்தி இல்லை. சாமியே எடுத்துக்கொண்டார் என்று நம்பினேன். அப்படி நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போது பட்டன் டப்பா சொல்லிவிட்டது, எடுத்தது அம்மா. ஏன் வெளியே சொல்லவில்லை என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நாங்களும் குடியிருந்தவர்கள்தான், திருட்டுப் பட்டத்தோடு வேறு வட்டாரம் தேட முடியாது. ஆனால் அவள் அதை எடுத்தது செல்வி அக்கா போவதற்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் அம்மாவும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். கேட்க இனி ஆளில்லை. அந்த வருடத்திலிருந்து நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "முழுசாச் சொல்லு" என்பது அம்மாவின் வாடிக்கையாகிவிட்டது. அப்போது அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மதுவின் வினிகர் வந்துவிட்டது. நான் தள்ளிப்போட்டேன். முதலில் கொம்புப் பிடி வினிகரில் கெட்டுவிடும் என்றேன், அப்புறம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன், அப்புறம் எனக்குத் தோள் வலிக்கிறது என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் மெஷினை வைத்துக்கொண்டு சாணை பிடிப்பவர் எங்கள் அப்பார்ட்மெண்ட் கேட்டுக்கு வந்தார். மது கத்தியைக் கொண்டுபோய் நீட்டினாள், பின்னாலேயே நானும் இறங்கிப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முனையத் தேச்சி எடுத்துட்லாம் மேடம், உடைஞ்சதே தெரியாது" என்றார்.

கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "அலகு மெலிஞ்சுடும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு நடந்தேன். உடைந்தது தெரியாமல் போவதற்கு ஐந்து நிமிஷமும் ஒரு சாணைக்கல்லும் போதும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே வந்த மதுவுக்குக் கோபம். "அம்மா, சும்மா சாக்கு சொல்லாத. ரெஸ்டோர் பண்ண இஷ்டமா இல்லையா, அதச் சொல்லு" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு இன்னும் ஓர் அர்த்தம் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். உள்ளே போய்க் கத்தியை டீப்பாய்மேல் வைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து முழுசாகச் சொன்னேன், தாத்தாவின் கத்தி என்ற பொய்யிலிருந்து கொய்யா மரத்துப் பட்டைவரை. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் டீப்பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் சொல்லவில்லை. "அவங்க முழுப் பேரு என்னம்மா? எந்த ஊரு?" என்று கேட்டாள். செல்வி, போளூர்ப் பக்கம். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. தினமும் அவள் பேச்சைக் கன்னடமாக்கிய நான், அவள் ஊர்ப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"அப்போ, சாக்குக்காக இல்லன்னு அவங்களுக்கு யாருமே சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. வட்டாரம் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம். குழாயும் கொய்யா மரமும் போய், கார் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறார்கள். கத்தியைத் திருப்பிக் கொடுக்க ஓனர் இல்லை, கேள்வி கேட்க அம்மா இல்லை. செல்வி அக்கா இருந்தால் எழுபது வயது இருக்கும். எங்கோ ஓர் ஊரில், அந்தக் காலத்தில் பெங்களூரில் ஒரு சாக்கை எடுத்ததற்கு எங்களைத் துரத்திவிட்டார்கள் என்று பேரப் பிள்ளைகளிடம் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பாள். மது உப்புத்தாளையும் எண்ணெயையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். கத்தி துருவோடு, முனை இல்லாமல், டீப்பாய்மேலேயே கிடக்கிறது.