திரையைப் பதிவு செய்த குற்றம்

அரியலூர் ஆபீஸின் மீட்டிங் அறையில், சுவரில் விழுந்த வெளிச்சத்தில் எங்கள் பதினான்கு பேரின் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. என் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு பூஜ்யம்.

"மூணு வாரமா ஃபீல்டு பக்கமே போகலியா மேடம்?" என்றார் மேனேஜர். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"தினமும் போனேன் சார்."

"போயிருந்தா ஆப்ல இருக்கணுமே?"

பையிலிருந்து என் நோட்டை எடுத்து நீட்டினேன். தேதி, வீடு, பிரஷர், சுகர் எல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்தேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"வூட்ல உட்கார்ந்துக்கிட்டு நோட்டுல நான்கூட எழுதுவேன் மேடம்" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிராமங்களில் வீடு வீடாகப் போய், வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பிரஷரும் சுகரும் பார்த்து எழுதுகிற ஒரு டிரஸ்டில் இருக்கிறேன். நான் நர்ஸ் இல்லை. இருந்தாலும் ஊரில் எல்லாருக்கும் நர்சம்மாதான். பெரம்பலூரில் காலை பஸ் பிடித்தால், இரண்டு பஸ் மாறி உடையார்பாளையம் தாண்டி இறங்க வேண்டும். அங்கிருந்து முந்திரிக் காட்டுக்குள் நடை. பார்த்த எண்களை டிரஸ்ட் கொடுத்த போனில், அவர்களுடைய ஆப்பில் போட வேண்டும். போட்டதும் ஒரு பச்சை டிக் வரும். வாரம் ஒருமுறை திருச்சியில் இருக்கும் டாக்டர் அந்தப் பட்டியலைப் பார்த்து, யாருக்கு மாத்திரையை மாற்ற வேண்டும் என்று சொல்வார். அவர் கண்ணுக்கு அந்தப் பட்டியல்தான் தெரியும். நாங்கள் நடந்தது தெரியாது.

நான் பார்க்கிறவர்களில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு அக்கா இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்து, தோல் தடித்துப் போயிருக்கும். சுகர் பார்க்க ஊசி குத்தினால் ரத்தம் வர இரண்டு மூன்று இடம் தேட வேண்டும். "நல்லா குத்துங்க நர்சம்மா, எனக்கு ஒண்ணும் வலிக்காது" என்பார். அவருடைய பிரஷர் மூன்று வாரமாக ஏறிக்கொண்டே போனது. மூன்று வாரமும் ஆப்பில் போட்டேன். மூன்று வாரமும் பச்சை டிக் வந்தது. மாத்திரை மட்டும் மாறவில்லை.

"டாக்டர் பார்த்தாங்களா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "பார்ப்பாங்கக்கா, ஆப்ல போட்டாச்சு" என்று நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை என்பது எனக்கு அந்த மீட்டிங்கில்தான் தெரிந்தது. என்னைப் பொய்க்காரி என்றது ஒரு கோபம். என்னை அந்த அக்காவிடம் பொய் சொல்ல வைத்தது அதைவிடப் பெரிய கோபம்.

மீட்டிங் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது என் கண் கலங்கியிருந்தது. கூட வேலை செய்யும் லெப்பைக்குடிக்காட்டுத் தங்கச்சி ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார்.

"அக்கா, அழுவாதீங்க. அந்த போனை இப்படிக் குடுங்க" என்றாள். திரையின் மேலிருந்து விரலால் கீழே இழுத்தாள். டார்ச், வைஃபை என்று வரிசையாக நின்ற பட்டன்களை ஒரு பக்கம் தள்ளினாள். அடுத்த பக்கத்தில் ஸ்கிரீன் ரெக்கார்டு என்று ஒன்று இருந்தது. ஒன்றரை வருடமாக அந்த போன் என் கையில் இருந்தது; அதை நான் பார்த்ததே இல்லை.

"எங்க வூட்டுக்காரரோட விசாவுக்கு ஆன்லைன்ல எழுதும்போது, கடைசிப் பக்கத்துல அப்படியே நின்னுடும். நான் சொன்னா வூட்டுக்காரரே நம்பலை. இதை அமுக்கி எடுத்து அனுப்புன்னாங்க. அனுப்புனேன். 'நீ சரியாத்தான் செஞ்சிருக்கே, தப்பு அவனுங்க மேல'ன்னாங்க. நீங்களும் எடுங்கக்கா. வாயால சொல்றதை யாரு கேக்குறா?"

விரல் தொடும் இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரிகிற மாதிரி வைக்கவும் கற்றுக்கொடுத்தாள். எந்தப் பட்டனை அமுக்கினோம் என்று யாரும் கேட்க முடியாது என்றாள். பெரம்பலூர் பஸ் வருவதற்குள் மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டு, ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி துடிக்கும். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் எண் போடும்போது பதிவை ஓடவிட்டேன். இரண்டே நாளில் போனில் இடம் நிறைந்துபோனது. பயிற்சி வகுப்பு போட்டோக்களை எல்லாம் அழித்தேன். நேரமும் தேதியும் திரையின் மேலே தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டேன். திருடியைப் பிடிக்கிற மாதிரி என்னை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையாக வேலை செய்கிற ஒருத்திக்கு எதற்கு இந்த நிலைமை என்று நினைத்தபடியே வரப்பில் நடப்பேன்.

நான்காவது நாள் அது என் கண்ணெதிரே நடந்தது. முந்திரிக் காட்டுக்குள் சிக்னல் கிடையாது. அங்கே ஏழு வீட்டுக்குப் போட்டிருந்தேன். ஏழு பச்சை டிக். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பதிவை ஓடவிட்டு ஆப்பைத் திறந்தேன். ஏழு என்று இருந்தது. சிக்னல் வந்தது. திரை ஒரு சுற்று சுற்றியது. ஏழு போய்ப் பூஜ்யம் ஆனது. நான் திரையைத் தொடவே இல்லை. வெள்ளைப் புள்ளி எங்கும் இல்லை. ஆபீஸிலிருந்து வந்த பழைய பட்டியல் என் புதுப் பட்டியலை விழுங்கிவிட்டது. சிக்னல் இல்லாத ஊர்களுக்குப் போகிறவள் நான். அதனால் பூஜ்யமும் எனக்குத்தான். ரோட்டோரத்து ஊர்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் நல்ல ஊழியர்.

அன்றே மேனேஜருக்குப் போன் செய்தேன். "மீட்டிங்ல பேசிக்கலாம் மேடம்" என்று வைத்துவிட்டார். மீட்டிங்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. முந்திரி அக்காவின் எண்ணை மட்டுமாவது டாக்டரிடம் சொல்லுங்கள் என்று மெசேஜ் போட்டேன். அதைப் படித்ததற்கான நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

ஆறாவது நாள் அந்த அக்கா, கொட்டை உடைக்கும் ஷெட்டிலேயே சாய்ந்து விழுந்தார். அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இடது கை தூக்க வரவில்லை, வாய் லேசாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும், "நர்சம்மா, டாக்டரு பார்த்தாங்களா?" என்றுதான் கேட்டார். குழறிக் குழறிக் கேட்டார். நான் அவர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மீட்டிங்கில் என் முறை வந்தபோது, போனை அந்தப் பெரிய திரையில் இணைக்கச் சொன்னேன். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுப் பதிவைப் போட்டேன். பின்னால் கண்டக்டர் கத்துகிற சத்தமும் கேட்டது. ஏழு இருந்தது, சுற்றியது, பூஜ்யம் ஆனது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எனக்கும் இப்படித்தான் சார் போகுது" என்றாள். இன்னொருத்தியும் சொன்னாள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"இதை ரெக்கார்டு பண்ண உங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?"

"என்ன சார்?"

"பேஷன்ட் பேரு, எண்ணு எல்லாம் இதுல தெரியுது. இது ரகசியம். இப்படி வீடியோ எடுத்து வெச்சிக்கிறது தப்பு மேடம். எழுத்துல விளக்கம் குடுங்க."

நோயாளியின் பெயர் வெளியே போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் அந்தப் பதிவை வேறு யாருக்கும் அனுப்பாமல், டிரஸ்ட் போனிலேயே வைத்திருந்தேன். அதற்கு முந்தைய மாத மீட்டிங்கில், யாருக்குச் சுகர் எவ்வளவு என்று பெயர் சொல்லி மைக்கில் வாசித்தது இதே ஆபீஸ். அன்றைக்கு ரகசியம் எங்கே போயிருந்தது?

"சார், அந்தக்கா கை விழுந்து ஆஸ்பத்திரில கெடக்குறாங்க. அதுக்கு யாரு விளக்கம் குடுப்பா?" என்றேன். என் குரல் அறைக்கு வெளியே வரை கேட்டிருக்கும். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

விளக்கக் கடிதத்தை மூன்று பக்கம் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். லெப்பைக்குடிக்காட்டுத் தங்கச்சி அதைப் படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். "நான்தானேக்கா சொல்லித் தந்தேன்" என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் ஒன்பது பேர் போட்டார்கள். அந்தக் கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்து, ஒரு நகலைச் சென்னைத் தலைமை ஆபீஸுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து ஆப் தயாரிக்கிற பையன் ஒருவன் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், அந்த வீடியோ எல்லாத்தையும் எங்களுக்கு அனுப்ப முடியுமா? ரொம்ப உதவியா இருக்கும்" என்றான். எதை எடுத்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்களோ, அதையேதான் கேட்டான். அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் புது ஆப் வந்தது. இப்போது சிக்னல் வரும்வரை எண்கள் காத்திருக்கின்றன, அழிவதில்லை. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. சில தொழில்நுட்பக் காரணங்களால் விவரங்கள் விடுபட்டிருக்கலாம் என்று ஒரு வரி. ஊழியர்கள் இனி திரையைப் பதிவு செய்யக் கூடாது என்று நான்கு வரி. பட்டனை அமுக்கிப் பார்த்தேன். பதிவு ஓடுகிறது, ஆனால் ஆப்பைத் திறந்ததும் படம் முழுக்கக் கறுப்பாகிவிடுகிறது. பிழையைத் திருத்தியவர்கள், அடுத்த பிழையை நாங்கள் பார்க்காமல் இருக்கவும் வழி செய்துவிட்டார்கள்.

முந்திரி அக்காவுக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வாய் சரியாகிவிட்டது. இடது கையில் ஒரு டம்ளரைப் பிடிக்க முடிகிறது. கொட்டை உடைக்க முடியாது. நான் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். வீடியோவில் அவர் பெயர் இருந்ததையும் சொன்னேன்.

"என் பேரை யாரு பார்த்தா என்ன நர்சம்மா? பார்க்க வேண்டியவங்க பார்க்கலியே" என்றார்.

விளக்கம் கேட்டு என் மேல் போட்ட நோட்டீஸ் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. மேனேஜரிடம் கேட்டால், "அதான் விட்டாச்சே மேடம், இன்னும் ஏன்?" என்கிறார்.

"விட்டாச்சுன்னு எழுதிக் குடுங்க சார்" என்கிறேன்.

அவர் எழுதித் தருவதில்லை. நான் மாதாமாதம் கேட்கிறேன். இந்த மாதமும், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேட்டேன்.