படியில் தேய்த்த தேங்காய் எண்ணெய்

கோட்டைப்பட்டினத்தில் கடலைப் பார்த்து வீடு கட்டினேன். திருமயம் பக்கத்து எங்கள் பூர்வீக வீட்டைப் போலவே மாடிப்படிக்கும் ஆத்தங்குடிக் கல் பதித்தேன்.

"உப்புக்காத்துல கல்லு ஈரமாவே கெடக்குங்க. படிக்கு மட்டும் கயித்துப் பாய் விரிச்சிருவோம்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. எங்கள் வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கினேன்.

மறுநாள் காலை, ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. நல்லவேளை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போன நான்தான் "அடி பட்டுச்சா, அடி பட்டுச்சா" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. மொதல்ல நீங்க உக்காருங்க" என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். பிள்ளை உதைத்தது.

அன்றே படியெல்லாம் கயிற்றுப் பாய் விரித்து, நகராமல் கம்பி போட்டு இறுக்கினேன். இன்றும் விடிந்ததும் பாதங்களை நனைத்துக்கொண்டு நான்தான் முதலில் இறங்கி, வழுக்குகிறதா என்று பார்க்கிறேன். தாயும் மகளும் அதற்குப் பிறகுதான்.