மதகுக்காரன் வந்தாக

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் அக்காவுக்கு ஜப்பானிய மொழி என்றால் அது நான்தான். தேனியில் பஸ் ஏறி போடியில் இறங்கி, அவள் வீட்டுக் கூடத்தில் உட்காராமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்லிக்கொண்டிருப்பேன். டி.வி.யில் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் ஓடும். அதன் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். அக்கா தலை நிமிர மாட்டாள். ஏலக்காய் வியாபாரி தரம் பிரிக்க அனுப்பிய மூட்டை பக்கத்தில் வாய் பிளந்து கிடக்கும். பச்சைக் காய் ஒரு குவியல், வெளுத்தது ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல். கண்ணும் விரலும் காய்க்கு, காது எனக்கு.

அவள் மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது பாதியில் விட்டுப்போன தொடர் அது. மலைமேல் ஒரு ஆறு. ஒருவன் மதகை அடைத்துக் கீழே உள்ள ஊர்களைக் காயப்போடுகிறான். கால் ஊனமான ஒரு பெண் அந்த மதகைத் திறக்கப் புறப்படுகிறாள். பெயரெல்லாம் அக்காவின் வாயில் நுழையவில்லை. அவள் நம்ம புள்ள, அவன் மதகுக்காரன். அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்தில் மரியாதையும் கிடையாது, ஏச்சும் கிடையாது. அதை நான்தான் போட வேண்டும். எங்கள் பக்கம் மதிப்புள்ள மனிதர் வந்தால் ‘வந்தாக’, ஆகாதவன் வந்தால் ‘வந்தான்’. மதகுக்காரனை நான் வருஷக்கணக்கில் ‘வந்தான்’ என்றேன். சிலசமயம் ‘வந்து தொலைஞ்சான்’. அக்கா ஒரு காயை நசுக்கிவிட்டு, “நாசமாப் போவான்” என்பாள்.

நான் இரண்டு கவிதைப் புத்தகம் போட்டவன். இரண்டும் அக்கா வீட்டு அலமாரியில் புதுக்கருக்கு மாறாமல் நிற்கின்றன. ஆனால் இந்தக் கதைக்கு அவள் போடும் ‘ம்’ இருக்கிறதே, அதற்காக மலையேறிப் போகலாம். நான் ஒரு வரியை விழுங்கினால் கண்டுபிடித்துவிடுவாள். அப்படி ஒரு கேட்பவள் எனக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை.

கடைசி சீசன் வருகிறது என்று சொன்னேன்.

“கடைசி சீசன்னா? இனிமே காய்க்காதா? செடியப் புடுங்கிருவாகளா?”

“ஆமாக்கா. கதை முடியுது.”

அதற்குள் மகன் போன் செய்துவிட்டான். இந்த சீசன் தமிழிலேயே பேசுகிறதாம், மாமாவை அலைய விட வேண்டாமாம். நல்ல பிள்ளை.

அப்படியும் போனேன். டி.வி. தமிழ் பேசியது. வழவழவென்று, வானொலிச் செய்தி மாதிரி சுத்தமான தமிழ். எனக்கு வேலையில்லை. காய் பொறுக்க உட்கார்ந்தேன்.

“ஏலே, பச்சையவும் வெளுத்ததையும் ஒண்ணாப் போடுற. ஒனக்கு வாய்தான் வேலை செய்யும். எந்திரி அங்கிட்டு.”

எழுந்தேன். வாய்க்கும் வேலையில்லாமல் வாசலில் நின்றேன். மேற்கே மலை, மேகத்தைத் தலைக்குக் கட்டிக்கொண்டு நின்றது. வாரம் வாரம் இப்படியே போனது. உள்ளே ‘ம்’ சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டுவேன். வராது. அது ஒன்றுதான் ஆறுதல். அவளுக்குக் கதை பிடிபடவில்லையா, இல்லை நான் இல்லாமலே பழகிவிட்டாளா என்பது மட்டும் தெரியவில்லை.

கடைசிப் பகுதி ஓடிய ஞாயிறு, நடுவில் சட்டென்று சத்தம் நின்றது.

“ஏலே! அங்கன என்ன மலையவே பாத்துக்கிட்டு? உள்ள வா.”

“என்னக்கா?”

“இந்தத் தமிழு வேணாம்டா. நம்ம புள்ளைக்கும் வாங்க போங்க, மதகுக்காரனுக்கும் வாங்க போங்க. இவன் நல்லவனா கெட்டவனான்னே வெளங்கல. பழையபடி எழுத்தப் போட்டு நீயே சொல்லு.”

போட்டேன். நடக்கத் தொடங்கினேன். வாரக்கணக்கில் அடைந்து கிடந்த சொல்லெல்லாம் முட்டிக்கொண்டு வந்தது. மதகு துருவேறி இறுகிவிட்டது. நம்ம புள்ள ஒற்றைக்காலில் நின்று தள்ளுகிறாள். அசையவில்லை. படியில் காலடிச் சத்தம். கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு ஒரு ஆள் மேலே ஏறி வருகிறது.

“மதகுக்காரன்க்கா... ஏறி வர்றாக. பக்கத்துல வந்துட்டாக. புள்ளைக்கு இந்தப் பக்கம் தோள் குடுக்குறாக...”

அக்காவின் கை நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்ததேயில்லை.

“என்னலே சொன்ன?”

அப்போதுதான் என் காதிலும் விழுந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை. எழுத்திலும் அது இல்லை. இத்தனை வருஷத்து ‘வந்தான்’ எல்லாம் அடியில் கிடந்து பாரம் தாங்க, அதன்மேல் அந்த ஒரு ‘ஆக’ தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஏசித் தீர்த்தவனால்தான் அப்படி ஒரு மரியாதையைக் கொடுக்க முடியும். நான் எழுதியதிலேயே நல்ல வரி இரண்டெழுத்து. அதைக் காகிதத்தில் எழுதவும் இல்லை.

அக்கா முதல்முறையாகத் தலை நிமிர்ந்து டி.வி.யைப் பார்த்தாள். மதகு முனகியது, பிளந்தது. தண்ணீர் வந்தது பாருங்கள்! நுரைத்து, பாறையை அறைந்து, வறண்ட வாய்க்காலெல்லாம் வாய் திறந்து குடிக்க வந்தது. நான் கைகளைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் கத்துகிறேன், தலை நரைத்த மனிதன். மடியிலிருந்த பச்சைக் காயெல்லாம் தரையில் உருள அக்கா எழுந்து நிற்கிறாள்.

“வந்துருச்சா?”

“வந்துருச்சுக்கா!”

“ம்!” என்றாள்.

பிறகு காய்களைக் கூட்டி அள்ளி, மறுபடி உட்கார்ந்து, தட்டை இழுத்துக்கொண்டாள்.

“மொத சீசன்ல இருந்து போடுலே. எல்லாத்தையும் திரும்பச் சொல்லு. இந்த மதகுக்காரன் இன்னாருன்னு தெரிஞ்சுக்கிட்டு இவுகள ஏசணும்.”