அண்ணன் கரிவாயுவில் துளைத்த கிணறு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரை நினைத்து இல்லம் தேடி வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். அவருடைய வாழ்க்கையை முழுவதும் சொல்ல இம்மலரில் இடமில்லை. அவர் தம் வாழ்நாளில் மிகப் பெரிதாக மதித்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அண்ணன் கீழக்குயில்குடியில், சமணர் மலை தெரியும் ஒரு சிறிய வீட்டில் பிறந்தார். தந்தையார் இளமையிலேயே காலமானதால் படிப்பை விட்டுவிட்டு மதுரை டவுனில் எந்திரக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் தங்கையையும் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். பின்னர் கடன் வாங்கிக் கிணறு துளைக்கும் போரிங் செட் ஒன்றைச் சொந்தமாக்கினார். டீசல் எந்திரம் ஒன்று கயிற்றை இழுத்து, கனத்த இரும்பு உளியைத் தூக்கித் தூக்கிப் பாறையில் போடும். திருமங்கலம் சுற்று வட்டாரத்தில் வறண்ட பல கிணறுகளின் அடியில் அந்த உளி இறங்கியிருக்கிறது.

யுத்தம் வந்தது. டீசல் எண்ணெய் கிடைப்பது அரிதாகி, எந்திரம் சாக்கு மூடிக் கிடந்தது. அந்த வேளையில்தான் டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு குடியிருப்பிலிருந்து சிலர் வந்தார்கள். தலைமுறையாகப் பண்ணையில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள். ஒரு பெரியவர் அவர்களுக்கு மேட்டுக்காடு கொஞ்சம் சாகுபடிக்கு விட்டிருந்தார். அடுத்த விதைப்புக்குள் கிணற்றில் தண்ணீர் காட்டினால் நிலம் அவர்களுக்கு. இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய பண்ணைக்கே போக வேண்டும் என்பது அவர் நிபந்தனை. வெட்டிய கிணற்றில் பாறைதான் இருந்தது.

எண்ணெய் இல்லையே என்று அண்ணன் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அப்போது ஊரில் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடத் தொடங்கியிருந்தன. பஸ் ஓடும் வாயுவில் போரிங் செட் ஏன் ஓடாது என்று அண்ணன் கேட்டார். பழைய டவுனில் பட்டறை வைத்திருந்த காதர் மேஸ்திரிதான் அதைச் செய்து காட்டியவர். தகர டிரம்மில் கரியை எரிய விட்டு, அதில் எழும் வாயுவைத் தேங்காய் நார் திணித்த வடிகட்டி வழியாகக் குளிர்வித்து எந்திரத்துக்குள் செலுத்தினார். பழைய லாரி ஒன்றின் மாக்னெட்டோவைப் பொருத்தி நெருப்புப் பொறிக்கு வழி செய்தார். எண்ணெயில் இருந்த பலம் வாயுவில் இல்லை. ஆகவே உளியின் கனத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனாலும் உளி விழுந்தது, பாறை பொடிந்தது.

கூலி கொடுக்க அந்த மக்களிடம் ஒன்றும் இல்லை. கரி தருகிறோம் என்றார்கள். வீட்டுக்கு வீடு கூடை கூடையாக வந்தது. சமைத்து முடித்ததும் அடுப்புத் தணலில் தண்ணீர் தெளித்து அணைத்து, துணி தேய்ப்பவருக்கு விற்கச் சேர்த்து வைக்கும் கரி அது. காதர் மேஸ்திரி ஒரு துண்டை உடைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அண்ணே, இது அடுப்புக் கரி. பாதி ஈரம், பாதி வேகாத கொள்ளி. இதப் போட்டா தார் எறங்கி வால்வு ஒட்டிக்கிரும்."

"தெரியுது பாய். அடுப்பு எரியறதே ஒரு வேளைதான் அவுக வீட்ல. அதுல மிச்சம் பிடிச்சுக் கொண்டாந்திருக்காக. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"எந்திரத்துக்கு அந்தச் சங்கடமெல்லாம் தெரியாதுண்ணே."

நல்ல கரியோடு கலந்து போட்டால் சமாளிக்கலாம் என்று அண்ணன் எல்லாவற்றையும் வாங்கிக் கொட்டச் சொன்னார். யார் மனமும் நோகக் கூடாது என்பது அவர் சுபாவம். மேஸ்திரி பயந்தபடியே நடந்தது. எந்திரம் இருமி இருமி நின்றது. வால்வெல்லாம் தார். அதைவிட மோசம், உளி ஆழத்தில் இருந்தது. எந்திரம் நின்றதும் துளையில் இருந்த கல்தூளும் சேறும் அதைச் சுற்றி இறுகிவிட்டன. உளியை விட்டால் துளையும் போயிற்று, விதைப்பும் போயிற்று.

குடியிருப்பு மக்கள் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் இருளாயி என்ற அம்மாள், முதல் கூடை கொண்டுவந்தவர், அண்ணனிடம் வந்தார்.

"எங்க கரியாலயா மொதலாளி நின்னுச்சு?"

"கரி மேல குத்தமில்ல தாயி. தெரிஞ்சே வாங்கிப் போட்டவன் நாந்தேன்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நாங்க என்ன கோவிச்சுக்கிட்டாப் போகப்போறோம்? எங்களுக்குத் தண்ணி வேணும். மனசு நோகாமப் பேசுறதுக்கா உங்களக் கூப்பிட்டோம்?"

அண்ணனிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரிக் குவியலின் முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்ததை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமும் போட்டார். யாருடைய கூடை என்று பார்க்கவில்லை. பெண்களும் உட்கார்ந்தார்கள். "பாத்து மொதலாளி, கறுப்பா இருக்கேன்னு எம்மூஞ்சியவும் தூக்கிப் போட்ருவீக" என்று ஒரு கிழவர் சொல்ல, அன்று முதன்முதலாக அங்கே சிரிப்புக் கேட்டது.

நல்ல கரி மிகக் குறைவாகவே தேறியது. அவர்கள் நிலத்தின் ஓரத்தில் நின்ற கருவேல மரங்களை வெட்டி, அடுக்கி, மண் மூடிச் சுட்டார்கள். தண்ணீர் படாமல் மண்ணாலேயே அணைத்தார்கள். அதற்குள் மேஸ்திரி வால்வுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். உளியை மீட்க எந்திரத்தை நம்ப முடியவில்லை. கயிற்றைப் பிடித்து ஆணும் பெண்ணுமாக இழுத்தார்கள், தளர்த்தினார்கள், மறுபடி இழுத்தார்கள். அண்ணனும் அந்த வரிசையில் நின்றார். கைத்தோல் உரிந்த பிறகுதான் உளி அசைந்தது.

கருவேலங்கரி சுத்தமாக எரிந்தது. எந்திரம் சீராக ஓடியது. சில நாட்களில் உளி மேலே வந்தபோது ஈர மணல் ஒட்டியிருந்தது. துளை வழியே தண்ணீர் கிணற்றுக்குள் ஏறியது. விதைப்புக்கு முன்பே நிலம் அவர்கள் கையில் நிலைத்தது.

அதன் பிறகு அண்ணனிடம் ஒரு மாற்றத்தைக் கண்டோம். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழகினார். அந்தப் பழக்கம் இருளாயி கொடுத்தது என்று தம் மனைவியிடம், எங்கள் மதினியிடம், அடிக்கடி சொல்வாராம்.

சென்ற ஆண்டு காய்ச்சல் கண்டு படுத்தவர் எழவில்லை. இரவு பகல் பாராமல் வந்து பார்த்த மருத்துவர், பக்கத்து வீட்டார், தலைமாட்டிலேயே இருந்த காதர் மேஸ்திரி ஆகியோருக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

பதினாறாம் நாள் காலையில் அந்தக் குடியிருப்பிலிருந்து இருளாயியும் மற்றவர்களும் வண்டியில் அரிசி மூட்டைகள் கொண்டுவந்தார்கள். உறவினர் சிலர், அந்தக் குடியிருப்பு அரிசி நம் உலையில் ஏற வேண்டாம், வாங்கி வைத்துவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மதினியிடம் மெல்லச் சொன்னார்கள். மதினி எல்லோருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னார்கள்.

"எங்க வீட்டுக்காரவுக துளைச்ச கெணத்துத் தண்ணில வெளஞ்ச அரிசி இது. இன்னிக்கு இந்த வீட்டு ஒலையில இதுதேன் வேகும். கொண்டாந்தவுகளும் நம்மகூடப் பந்தியிலதேன் உக்காருவாக. பிடிக்காதவுக சொல்லிட்டுப் போங்க, எனக்கு வருத்தமில்ல."

சிலர் சொல்லிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து உண்ட ஒவ்வொருவருக்கும் இம்மலரின் வாயிலாக நன்றி கூறுகிறேன்.

அன்று எழுந்து சென்ற உறவினர்களுக்கும் இவ்வாண்டு முறைப்படி அழைப்பு அனுப்பியிருக்கிறோம். அவர்களுக்கும் இலை போட்டிருக்கிறது. அரிசி அதே கிணற்று அரிசிதான். அதையும் அழைப்பிலேயே சொல்லியிருக்கிறோம்.