தட்டிக்கு அந்தப் பக்கம்

அருப்புக்கோட்டை நாடகக் கொட்டகையை நினைத்தால் எனக்கு மேடை ஞாபகம் வராது. பனையோலைத் தட்டியில் வாயை வைத்துக் கிசுகிசுக்கும் என் அக்காதான் வருவாள். இப்போது கண் தெரியாதவர்களுக்கு நாடகத்தைக் காதில் சொல்ல ஆள் வைக்கிறார்களாம். நாற்பதுகளில் ஆணும் பெண்ணும் பக்கத்தில் உட்காரவே முடியாது, நடுவே தட்டி. அம்மையில் கண்ணை இழந்த மச்சான் அந்தப் பக்கம், அவருக்கு மேடையைச் சொல்லும் அக்கா இந்தப் பக்கம். திரை மாறுவது, உடுப்பின் நிறம், யார் யாரை முறைக்கிறார்கள் என்று ஒன்றையும் விடமாட்டாள். சுற்றியிருக்கும் பெண்கள் முதலில் சிடுசிடுப்பார்கள், பிறகு அவள் சொல்வதற்கும் சேர்த்துக் காது கொடுப்பார்கள்.

அவர்களுடைய ஒரே பிள்ளை சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனியில் ராணி வேஷம் கட்டிப் பாடிக்கொண்டிருந்தான். கம்பெனி வரும்போதெல்லாம் திருச்சுழிப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவோம். அந்த வருஷம் அவனுக்குத் தொண்டை உடைந்துவிட்டதென்று சேதி வந்திருந்தது. குரல் உடைந்த பையன்களுக்குப் பாட்டும் இல்லை, வசனமும் இல்லை; ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சேவகனாக நிற்க வேண்டியதுதான். மச்சான் அதற்கும் தயாராகத்தான் வந்தார். "பேசாட்டி என்ன, அவன் நிக்கிறத நீ சொல்லு" என்றார்.

நாடகம் தொடங்குமுன் பிள்ளைக்குப் பலகாரம் கொடுக்க அக்காவும் நானும் கொட்டகைக்குப் பின்னால் போனோம். "அவன் எப்பவோ ஓடிட்டானேம்மா, வீட்டுக்கு வரலியா?" என்றார் கம்பெனிச் சமையல்காரர். அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தட்டியோரம் வந்து உட்கார்ந்தாள்.

தர்பார் காட்சி வந்தது. "நம்ம புள்ள ராசாவுக்கு வலப்பக்கம் நிக்கிறான். நல்லா வளந்துட்டான். லேசா மீசை." அவள் சொன்ன இடத்தில் அட்டைத் தூண்தான் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. கண் தெரியாத மனுஷனிடம் இதென்ன அநியாயம் என்று அவள் தொடையில் கிள்ளினேன். அவள் திரும்பவே இல்லை. காட்சிக்குக் காட்சி பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். தலைப்பாகை கட்டிவிட்டாள். அந்தப் பக்கம் மச்சான் மூக்கை உறிஞ்சுவது எனக்கே கேட்டது.

நாடகம் முடிந்து வெளியே வந்ததும் மச்சான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் முன்னாடிதான உக்காந்திருந்தேன். என்னையப் பாத்தானா?"

'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும். அத்தனையும் சொன்ன அக்காவுக்கு அது மட்டும் வரவில்லை. சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. மச்சான் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்பப் போனான்?" என்று கேட்டார்.