ஐஸ் பிக்கப்பும் அண்ணன் தம்பியும்

பழைய பிக்கப் ஒன்றைக் கொம்பனியில் இருந்து இறங்கின நாள் மாதிரி ஆக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். இரும்பு சொன்ன சொல் கேட்கும், இரும்பின் சொந்தக்காரர்தான் கேட்கமாட்டார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் கராஜ் வைத்துக்கொண்டு நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்கிறேன். பழைய வண்டியோடு மாரடிக்கிறவர்கள், முன்பு மாரடித்தவர்கள், வீட்டு முற்றத்தில் ஒன்றை மூடி வைத்துவிட்டு "அடுத்த வருசம் செய்வம்" என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. போன வருசம் என்னைக் களைக்கப் பண்ணின ஒரு பிக்கப்பைப் பற்றிச் சொல்கிறேன். இடையிடையே உங்கள் களைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாவி கைக்கு வந்த நாள்

மெல்பேர்னில் இருந்து ரொபர்ட் என்பவர் எடுத்த அழைப்பில்தான் எல்லாம் தொடங்கியது. நாங்கள் செய்த வேறொரு வண்டியின் படத்தை எங்கேயோ பார்த்திருக்கிறார். மட்டக்குளியில் தங்கள் தகப்பனார் வாங்கின இங்கிலீஷ் பிக்கப் ஒன்று இருக்கிறது, அப்பா அதை வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும், ஒரு ஆணிகூட மாறக்கூடாது என்றார். செலவு அவருடையது. வண்டியை அண்ணன் கொண்டுவந்து தருவார் என்றார்.

அண்ணன் வந்தார். சேவியர் அண்ணனுக்கு அறுபது தாண்டியிருக்கும். தகப்பனாருக்குப் பிறகு அந்தப் பிக்கப்பில் ஐஸ் பெக்டரியில் இருந்து மீன்கடைகளுக்கு ஐஸ்கட்டி ஏற்றி இறக்கியே குடும்பத்தைக் காப்பாற்றினவர். வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்திவிட்டு, கராஜுக்குள் கதவில்லாமலும் சில்லில்லாமலும் கிடந்த மற்ற வண்டிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருடைய முகம் கொஞ்சம் மாறினது. சாவியை என் கையில் வைக்கும்போது கேட்டார்:

"தவக்காலம் தொடங்க முதல் தந்திடுவீங்கதானே, தம்பி? ஆக்கள் இறைச்சிய விட்டிட்டு மீன் கூட எடுக்கிற காலம். ஐஸ் இல்லாம ஏலாது."

இரும்பு எங்கே

தகடு தட்டி ஒட்டுகிற எங்கள் டிங்கர் வேலையெல்லாம் சுனில் அய்யேயின் கையில். களனியில் இருந்து தினமும் பஸ் ஏறி வருகிற சிங்களவர்; எனக்கு அவர் அய்யே, அதாவது அண்ணன், அவருக்கு நான் மல்லி, தம்பி. கொட்டாஞ்சேனையில் வேலை செய்து செய்தே தமிழ் பழகினவர், அதனால் அவருடைய தமிழில் பாதி வண்டித் தமிழ்.

ஐஸ் தண்ணீரும் மீன் உப்பும் ஒரு வண்டியை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். சேவியர் அண்ணன் வருசத்துக்கு ஒருமுறை, நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால், கையில் கிடைத்த பெயின்டைப் பூசியிருக்கிறார். சுனில் அய்யே பின்தட்டின் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினார். பச்சை போய் நீலம் வந்தது, நீலம் போய்ச் சிவப்பு வந்தது, சிவப்பு போனதும் கராஜின் சீமெந்து நிலம் தெரிந்தது. ஓட்டைக்குள்ளால் விரலை விட்டு எனக்கு ஆட்டிக் காட்டினார். பிறகு சொன்னார்:

"மல்லி, இதில இரும்பு முடிஞ்சி. பெயின்டுதான் ஒண்டோட ஒண்டு கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிது."

நிறம்

ரொபர்ட்டுக்கு விடிந்தால் எனக்கும் விடிந்தாக வேண்டும். அங்கே அவர் காலைக் கோப்பியைக் குடித்துக்கொண்டு வீடியோவில் அழைப்பார். இங்கே நான் சாரத்தைக் கட்டிக்கொண்டு, கராஜின் லைட்டைப் போட்டு, போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு ஆணியின் தலையையும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். என் மனைவி ஒருநாள், கலியாணம் கட்டின புதிதில்கூட நான் இப்படி விடியமுன் எழும்பினது கிடையாது என்றாள்.

நிறம் விசயத்தில் ரொபர்ட் உறுதியாக இருந்தார். இளம்பச்சை. சின்ன வயதில் பார்த்தது கண்ணுக்குள் நிற்கிறதாம், இன்டர்நெட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கிறதாம். சேவியர் அண்ணன் காலையில் ஐஸ் வேலையை வாடகை லொறியில் முடித்துவிட்டு, பத்து மணிபோலக் கராஜுக்கு வந்து ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதில் உட்காருவார். அவரைக் கேட்டேன். சாம்பல் நிறம், அதில் சந்தேகமே இல்லை, அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய் வண்டியைக் கொண்டுவந்தவன் நான் என்றார். ஒரு கிழமை முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் நான் பச்சைக்கும் சாம்பலுக்கும் தூது போனேன்.

கடைசியில் டாஷ்போர்ட்டைக் கழற்றினோம். எந்தப் பெயின்ட்காரனுடைய கையும் படாத அந்த மூலையில் கொம்பனி பூசின நிறம் அப்படியே இருந்தது. பாலாடை மாதிரி ஒரு வெளிர் மஞ்சள். சேவியர் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தார்.

"அப்ப நாங்க ரெண்டு பேரும் வேற ஆரின்டயோ வண்டிக்குப் பின்னால ஓடித்திரிஞ்சிருக்கிறம்."

பின் விளக்கு

பின்பக்கத்துச் சிவப்பு விளக்கின் கண்ணாடி ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று. பஞ்சிகாவத்தையில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை கடையாக ஏறி இறங்கினேன். அதே அளவில் வேறு வண்டியின் கண்ணாடி இருந்தது, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ரொபர்ட்டுக்குக் கண்ணாடியின் ஓரத்தில் கொம்பனியின் அடையாளம் இருக்கவேண்டும். எனக்குப் பல வருசமாகப் பழக்கமான முஸ்லிம் நானா ஒருவருடைய கடையில் போய்ச் சாய்ந்தேன். அவர் மேல்தட்டில் இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கித் தேடினார். கிடைக்கவில்லை. வியர்வையைத் துடைத்துவிட்டு எனக்குப் பால் விடாத பிளேன்டி ஒன்று சொன்னார்.

"ஒரிஜினல்தான் வேணும்னு வந்த ஆக்கள்ல நீங்க ஒராள்தான் இன்னம் நடந்து திரியிறீங்க. மத்தவங்க எல்லாம் வண்டிய வித்துட்டு நல்லா தூங்குறாங்க."

தண்ணிக் குழாய்

பின்தட்டின் மூலையில் ஒரு சின்னக் குழாய் ஒட்டவைத்திருந்தது. சேவியர் அண்ணன் செய்வித்தது. ஐஸ் உருகி வரும் தண்ணீர் சில்லில் விழாமல் நேரே ரோட்டில் விழுவதற்காக. அன்றைக்குக் காலை பத்து மணிக்குப் பிறகுதான் ரொபர்ட் அழைத்தார். சேவியர் அண்ணனும் பக்கத்தில் இருந்தார். குழாயைக் காட்டினேன். இது கொம்பனி போட்டது இல்லையே, வெட்டி எடுங்கள் என்றார் ரொபர்ட்.

சேவியர் அண்ணன் போனுக்குக் கிட்ட வந்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். குழாயை எடுத்தால் தண்ணீர் பின்சில்லில் விழும், அது கூடாது என்றார். ரொபர்ட் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அண்ணன் பகிடி விடுகிறார் என்று நினைத்த சிரிப்பு.

"ஐஸ் ஏத்தினாத்தானே அண்ணே தண்ணி வாறது. இனி இதில ஆர் ஐஸ் ஏத்தப்போறது?"

பிறகு அவரே சொல்லிக்கொண்டு போனார். ஹெந்தளையில் அவர் வாங்கியிருக்கும் வீட்டில் இதற்கென்று கொட்டகை போடப்போகிறாராம். பழைய வண்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம், சொந்தத்துக்குள் கலியாணம் வந்தால் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றலாம். அண்ணனும் பாவம், எவ்வளவு காலம்தான் ஐஸ் சுமப்பது, இனி ஓய்வாக இருக்கட்டும். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். சாவி தந்த அன்றைக்கு அண்ணன் கேட்டதை நானும் ரொபர்ட்டிடம் சொல்லியிருக்கவில்லை. போனைப் பிடித்திருந்த என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சேவியர் அண்ணன் மெல்ல எழும்பி, சேட்டில் ஒட்டின தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். என்னிடம் மட்டும் சொன்னார்:

"பஸ் வாற நேரம், தம்பி."

மட்டக்குளியில்

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கவிழ்த்த வாளி அப்படியே கிடந்தது. தேத்தண்ணி வரும்போதெல்லாம் சுனில் அய்யே வாசலைப் பார்த்தார். எனக்கு வேலையில் கை ஓடவில்லை. குழாயை வெட்டாமல் இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் வெட்டினோம்.

ஒரு காலையில் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மட்டக்குளிக்குப் போனேன். ஐஸ் பெக்டரியின் வாசலில் சேவியர் அண்ணன் ஒரு சின்ன லொறியில் ஐஸ்கட்டியை ஏற்றுவித்துக்கொண்டு நின்றார். லொறி ஹட்டன் பக்கத்தில் இருந்து வந்த ஒருவருடையது. என்னைக் கண்டதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும். அவர் என்னைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்தட்டுக்குப் பலகை அடித்தாயிற்றா, எந்த மரம் போட்டீர்கள் என்று விசாரித்தார். ரொபர்ட்டோடு நான் கதைக்கிறேன், அவருக்கு விளங்கும் என்று சொல்லிப்பார்த்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீங்க ஒண்டும் கதைக்க வேண்டாம். வேலைய முடியுங்கோ. பிக்கப் இருந்தாலும் இல்லாட்டியும் ஐஸ் உருகும்."

வெள்ளவத்தைப் பயணம்

பிக்கப் முடிந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனால் நன்றாக முடிந்தது. ரொபர்ட் லீவில் வந்தார். வண்டியைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தார். அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். சேவியர் அண்ணன் கோயிலுக்குப் போகிற சேட்டோடு வந்து, வண்டியைத் தொடாமல் சுற்றி வந்து பார்த்து, நல்லா இருக்கு என்றார்.

மாமனார் வீடு வெள்ளவத்தையில், அங்கே கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்றார் ரொபர்ட். எனக்கு ஒரு பயம் இருந்தது. சேவியர் அண்ணன் எப்போதோ பழைய பிரேக்கை எடுத்துவிட்டு, ஜப்பான் வேன் ஒன்றின் பிரேக்கைப் போட்டுத்தான் ஓடியிருக்கிறார். அதை அப்படியே விடுவோம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் ரொபர்ட் கேட்கவில்லை. கொம்பனியின் பிரேக்கைத்தான் போட்டோம். அந்தக் காலத்து ரோட்டுக்குச் செய்த பிரேக் அது. வேகம் வேண்டாம், தூரம் விட்டு ஓட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு நானும் ஏறினேன். முன்சீட்டில் மூன்று பேர். ரொபர்ட் ஓட்ட, நான் நடுவில், சேவியர் அண்ணன் கதவோரம்.

வெள்ளவத்தை வரும்போதே ரொபர்ட்டின் சேட் நனைந்துவிட்டது. ஸ்டேரிங்கைத் திருப்ப இரண்டு கையும் போதவில்லை. சந்தைக்குக் கிட்ட முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. ரொபர்ட் பிரேக்கில் ஏறியே நின்றார். பிக்கப் தன்பாட்டில் போனது. சேவியர் அண்ணன் என் நெஞ்சுக்குக் குறுக்கே கையைப் போட்டார். புதிதாக நிக்கல் பூசின எங்கள் பம்பர் பஸ்ஸின் பின்பக்கத்தில் போய் இடித்து மடங்கினது. பஸ்ஸுக்கு ஒன்றும் இல்லை. ரொபர்ட் ஸ்டேரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கொண்டக்டர் இறங்கி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் சிங்களத்தில் மன்னிப்பைத் தயார் பண்ணினேன். அவர் பிக்கப்பை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார்:

"மாத்தயா, மேக்க விக்குணனவாத?"

மரைன் டிரைவில்

ரொபர்ட்டால் பிறகு ஓட்ட முடியவில்லை. சேவியர் அண்ணன் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார், நானும் ரொபர்ட்டும் நகர்ந்து இடம் விட்டோம். பஸ்ஸை விட்டு விலத்தி, ஒரு குறுக்கு ரோட்டால் இறங்கி, கடற்பக்கம் மரைன் டிரைவில் கொண்டுபோய் நிறுத்தினார். பிரேக்கை அவர் வெகு தூரத்துக்கு முன்பே மெல்ல மிதிக்கத் தொடங்குவதைக் கவனித்தேன்.

மூன்று பேரும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நின்றோம். ரொபர்ட்தான் முதலில் கதைத்தார். அண்ணனுடைய பிரேக்கையே திரும்பப் போடுவோம் என்றார். குழாயையும் போடுவோம், அண்ணனே வண்டியைக் கொண்டுபோகட்டும், ஐஸ் ஏற்றட்டும், யோசிக்காமல் செய்துவிட்டேன் என்றார். சொல்லும்போது அழுதார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன், ஆனால் காது அங்கேதான் இருந்தது. ஒரு ரயில் போய் முடிந்ததும் சேவியர் அண்ணன் சொன்னார்:

"வேண்டாமடா. அந்தப் பலகையில ஐஸ்கட்டியப் போட்டு இழுக்க எனக்கு மனம் வராது. இப்ப பிடிக்கிற லொறி உயரம் குறைவு, ஏத்த இறக்க லேசு. ஏசியும் இருக்கு. என்ர முழங்காலுக்கு அதுதான் சரி." பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னட்ட நீ ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானே ஓம் எண்டிருப்பன்."

இப்போது

ரொபர்ட் திரும்பிப் போய்விட்டார். ஹெந்தளைக் கொட்டகை இன்னும் கட்டி முடியவில்லை, ஆகையால் பிக்கப் என் கராஜில்தான் நிற்கிறது, இரண்டு வண்டிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு. பம்பரை நிமிர்த்தியாயிற்று. ஜப்பான் பிரேக் பழையபடி ஏறிவிட்டது. கொம்பனியின் பிரேக்கைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேவியர் அண்ணன் வந்து என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பற்றரி இறங்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். டிரைவர் சீட்டில் இருந்தபடியே தம்பியை வீடியோ அழைப்பில் எடுப்பார். பிள்ளைகளின் படிப்பு, முழங்கால், மீன் விலை, எல்லாம் கதைப்பார்கள். பிக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அவர்கள் கதைத்து முடியும்வரை எனக்குக் கராஜைப் பூட்ட முடியாது. போன கிழமை வாசலில் சாவியோடு நின்ற என்னைப் பார்த்துச் சுனில் அய்யே கேட்டார்:

"மல்லி, நாங்க செஞ்சது பிக்கப்பா, டெலிபோன் பெட்டியா?"

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: வண்டிக்கு எத்தனை வயது என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் எத்தனை சகோதரம், அவர்கள் கடைசியாக எப்போது மனம்விட்டுக் கதைத்தார்கள் என்று கேட்டுவிட்டு முதல் ஆணியைக் கழற்றுங்கள்.