அப்பாவின் முறை

எங்கள் வீட்டில் சோற்றில் கை வைப்பதற்கு முன் ஆண்டவருக்கு நன்றியாக ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அது அம்மாவின் சட்டம். சின்னவன் என்பதால் தம்பி முதலில், பிறகு நான், பிறகு அம்மா, கடைசியில் அப்பா. நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது. தம்பிக்கு அப்போது ஐந்து வயது. முட்டைக்கு ஒரு நாள், பல்லி மேலே விழாததற்கு ஒரு நாள் என்று சுலபமாகத் தப்பித்துக்கொள்வான். எனக்குப் பதினொன்று. பசி வயிற்றைக் கிள்ளும்போது நன்றி எங்கிருந்து வரும்? "கரண்டு போவாததுக்கு ஸ்தோத்திரம்" என்பேன். அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து முறைப்பாள். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பஸ்ல சீட்டு கெடச்சுது, ஸ்தோத்திரம்" என்று முடித்து வைப்பார்.

தங்கவயலில் அப்பா வேலை பார்த்த சுரங்கத்தை மூடிய பிறகு பொம்மசந்திராவில் ஒற்றை அறை வீட்டுக்கு வந்திருந்தோம். அப்பாவுக்கு ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. அம்மாவுக்கு கார்மென்ட்ஸில் தையல். பூமிக்கு அடியில் இருந்த வருஷங்களில் இருமாத மனிதர், இங்கே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகு இருமத் தொடங்கினார். கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, இனி அதற்கு வழியில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வந்து உலை வைத்தாள்.

அந்த வாரமே வீட்டுச் சட்டம் மாறியது. சபையில் கேட்ட பிரசங்கத்தை அம்மா எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"இயேசு ஒருத்தனோட கல்லறைக்கு முன்னால நின்னாரு. செத்தவன் இன்னும் உள்ளதான் கெடக்கறான். அப்பவே பிதாவுக்கு நன்றி சொல்லிட்டாரு. அப்புறம்தான் அவன் எழுந்து வந்தான். நாமளும் அப்டிதான். அப்பாவுக்கு சொகம் குடுத்துட்டீங்க, ஸ்தோத்திரம். தெனம் இத சொல்லணும்."

"அப்பாவ காப்பாத்துங்கன்னு கேக்க வேணாமாம்மா?"

"நன்றி சொல்லிட்ட அப்புறம் திரும்பக் கேக்கறதா? கேட்டா நம்பலன்னு அர்த்தம். வாயில அந்தப் பேச்சே வரக் கூடாது."

அம்மாவைக் கல்மனசுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். மாத்திரை ஒரு வேளை தவறாது. ஆவி பிடிக்க வைப்பாள், முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கேட்க மட்டும் விடமாட்டாள். வாளித் தண்ணீரில் அப்பாவின் துண்டிலிருந்து சிவப்பு கரைவதைப் பார்த்துவிட்டு வந்து, "சொகம் குடுத்துட்டீங்க, ஸ்தோத்திரம்" என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். யார்மேல் என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் என்னைச் சாட்சி சொல்ல எழுப்பிவிட்டாள். நான் முன்னால் போய் நின்று, ஆண்டவர் எங்கள் அப்பாவுக்குப் பூரண சுகம் கொடுத்தார் என்று ஒப்பித்தேன். எல்லோரும் அல்லேலூயா போட்டார்கள். கடைசி வரிசையில் அப்பா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்துக் கண்ணில் நீர் வழிந்தது. மகளின் சாட்சி பொய்யாகிவிடக் கூடாதென்று, நான் திரும்பி வந்து உட்காரும்வரை அந்த இருமலைப் பிடித்து வைத்திருந்தார். இப்போதும் யாராவது சபையில் சத்தமாக நன்றி சொன்னால் நான் கடைசி வரிசையைத்தான் பார்க்கிறேன்.

பிறகு அவரால் டியூட்டிக்குப் போக முடியவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா வேலையில் இருந்தாள், தம்பி வெளியே விளையாடிக்கொண்டிருந்தான். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, எனக்கு சொகம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுன்னுதான் அம்மா சொல்றாங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மெல்லக் கேட்டார்: "அம்மா வர்றதுக்குள்ள, நாம ரெண்டு பேரும் கொஞ்சம் கேட்டுக்கலாமா?"

நான் எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டேன். திருட்டுத்தனம் செய்வதுபோல் இருவரும் கண்ணை மூடினோம். "ஆண்டவரே, இப்ப கூப்பிடாதீங்க. புள்ளைங்க தலையெடுக்கற வரைக்கும் விட்டு வைங்க" என்று அப்பா கெஞ்சினார். ஒரு பெரிய ஆள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. நானும் அழுதுகொண்டே, "விட்டு வைங்க, விட்டு வைங்க" என்றேன். "அம்மா கிட்ட சொல்லாதே, தாங்கமாட்டா" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா இல்லாத பகலெல்லாம் கேட்டோம். சாயங்காலம் அம்மாவுக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவர்கள்போல் ஸ்தோத்திரம் சொன்னோம்.

மழைக்காலத்தில் ஒரு காலை, அம்மா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருக்கும்போது அப்பா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்களும் கலைந்த பிறகு அம்மா சமைத்தாள். மூன்று தட்டு வைத்தாள். நாங்கள் கண்ணை மூடினோம். இன்றைக்கும் இது வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி ஆரம்பித்தான். "அப்பாவுக்கு இருமல் நின்னுடுச்சு. ஸ்தோத்திரம்."

அம்மா ஆமென் சொல்லவில்லை. நான், பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா இத்தனை நாளும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்றேன். அடக்கத்தின்போது மழை விட்டதற்கு என்றாள் அம்மா. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பழக்கம் விடவில்லை. மூன்று பேரும் கண்ணைத் திறக்காமல் அந்த நாலாவது குரலுக்காகக் காத்திருந்தோம்.

"அப்பா மொறய யாரு சொல்றது?" என்றான் தம்பி.

பிறகு அம்மாவின் குரல் வந்தது. அது எங்களிடம் பேசிய குரல் அல்ல.

"நான் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா, ஆண்டவரே?"

கேட்டோம்மா, நானும் அப்பாவும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கேட்டோம் என்று என் தொண்டைவரை வந்தது. சொன்னால் அவள் தன்மேல் போட்டுக்கொண்ட பழி தீரும். ஆனால் கேட்டும் அவர் கொடுக்கவில்லை என்று தெரிந்த பிறகு அவள் யாரிடம் போவாள்?

"ஆமென்" என்று மட்டும் சொல்லித் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.